ஆலமரத்தடியில் நாம் இல்லை: தமிழ் விக்கிப்பீடியாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சில வருடங்களுக்கு முன்னர் கிழக்கின் கரையோர ஊரொன்றில் நடைபெற்ற நூல் வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். சிறப்புரை ஆற்ற வந்த நண்பர் நூலை ஒருபுறம் வைத்துவிட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்கு 'இஸ்லாம்' என்பதை 'இசுலாம்' என்று எழுதுகிறார்கள். ஜனவரி 'சனவரி' ஆகிவிட்டது, ஜூலை 'சூலை' ஆகிவிட்டது. நாளைக்கு எமது வாப்பா, உம்மா வைத்த பெயர்களையும் திருத்தி எழுதுவார்கள். இது எமது அடையாளத்தின் மீது கைவைக்கும் காரியம் என்பது அவரது பேச்சின் சாரம். மண்டபம் கைதட்டியது. நானும் கைதட்டினேன். தேநீர் வேளையிலும் இதுவே பேச்சு. கண்டனத் தீர்மானம் ஒன்று எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவர் சொன்னார். யாரும் அனுப்பியதாக நினைவில்லை.

அன்றிரவு வீடு திரும்பியதும் அந்தக் கட்டுரைகளின் பின்பக்கங்களைத் திறந்து வாசித்தேன். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று உரையாடல் பக்கம். மற்றையது அக்கட்டுரையின் வரலாறு: யார், எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை மாற்றினார் என்பதெல்லாம் அங்கே பதிவாகிக் கிடக்கும். இவை தவிர, பொது விடயங்களைப் பேசுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அதற்குத் தமிழ் விக்கிப்பீடியர்கள் 'ஆலமரத்தடி' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிரந்த எழுத்துகள் பற்றிய விவாதம் அங்கு ஒருநாள் இருநாளில் முடிந்ததல்ல. பல வருடங்களாகப் பல பக்கங்களில் நீண்டிருக்கிறது. கிரந்தத்தை அறவே தவிர்க்க வேண்டும் என்போர், மக்கள் வழக்கில் உள்ளதை ஏற்க வேண்டும் என்போர், ஆட்பெயர்களில் மட்டும் விட்டுக்கொடுக்கலாம் என்போர் என்று பல நிலைப்பாடுகள். கோபமும் உண்டு, காத்திரமான தர்க்கமும் உண்டு.

நான் தேடியது வேறொன்றை. அன்று மண்டபத்தில் கைதட்டியவர்களில் ஒருவராவது அங்கே ஒரு வரி எழுதியிருக்கிறாரா? புனைபெயரில் எழுதியிருக்கலாமே என்பதால் பின்னர் நேரிலும் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இலங்கை முஸ்லிம் பயனர்கள் சிலர் அங்கு வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால், அவர்கள் எமது இலக்கிய மேடைகளில் அமர்பவர்கள் அல்லர். நாம் அவர்களை அறியோம். அவர்களுக்கும் எம்மை அறியும் தேவை ஏற்படவில்லை.

இக்குறிப்புகள் அந்த இன்மையைப் பற்றியவை. இணையத்தில் ஈடுபாடுள்ள ஒரு சமூகம் எப்படி உருவாகிறது, எதனால் உருவாகாமல் போகிறது என்ற கேள்வியை, எமக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்க முயல்கிறேன்.

2

'இணையச் சமூகம்' என்ற சொல்லை நாம் மிக இலகுவாகப் புழங்குகிறோம். முகநூலில் ஐயாயிரம் நண்பர்களை வைத்திருப்பவர் தன்னைச் சுற்றி ஒரு சமூகம் இருப்பதாக நம்புகிறார். கவிதை ஒன்றைப் போட்ட பத்து நிமிடத்தில் இருநூறு விருப்பக் குறிகள் விழுகின்றன. 'அருமை', 'மாஷா அல்லாஹ்', 'தொடருங்கள் தோழர்' என்ற வரிகள் அணிவகுக்கின்றன. அந்த இருநூறு பேரில் எத்தனை பேர் கவிதையின் இரண்டாவது பந்தியை வாசித்தார்கள் என்பது எழுதியவருக்கும் தெரியாது. இது கூட்டம். கந்தூரிக்குக் கூடுவதைப் போன்ற கூட்டம்; உண்டு முடிந்ததும் கலைந்துவிடும். பந்தல் பிரிப்பதற்கும் சஹன் கழுவுவதற்கும் நிற்பவர்கள்தான் சமூகம்.

அப்படி நிற்பவர்கள் எங்கும் சொற்பம் என்பதை ஆய்வாளர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த யாக்கோப் நீல்சன் 2006 இல் இதை ஒரு கணக்காகவே சொன்னார். நூறு பேர் வந்தால் தொண்ணூறு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒன்பது பேர் இடைக்கிடை எதையாவது எழுதுவார்கள். மீதி ஒருவர்தான் பெரும்பகுதி வேலையைச் செய்வார். விக்கிப்பீடியாவில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மையானது என்றும் அவர் குறிப்பிட்டார். சிற்றிதழ் நடத்திய எவருக்கும் இதில் ஆச்சரியம் இராது. ஐந்நூறு பிரதி அச்சிட்டால் எத்தனை கடிதம் வரும் என்பதை ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே, தொண்ணூறு பேரை எப்படி எழுத வைப்பது என்பது பயனற்ற கேள்வி. அந்த ஒருவர் ஏன் நிற்கிறார், ஒன்பது பேரில் ஒருவர் எப்போது அவரைப் போல மாறுகிறார் என்பதே கேட்க வேண்டியது.

தமிழ் விக்கிப்பீடியா இதற்கு நல்ல பாடம். 2003 இல் அது ஏறக்குறைய வெற்று நிலமாகக் கிடந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞரான இ. மயூரநாதன் ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழில் பார்த்துக்கொண்டே அதில் எழுதத் தொடங்கினார். இடைமுகத்தைத் தமிழாக்கினார், கட்டடக் கலை, மொழி, ஊர்கள், சமூகங்கள் என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகளை எழுதினார். பின்னர் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் சிலர் வந்து சேர்ந்தனர். 2017 இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தொட்டது. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை மயூரநாதனுக்கு வழங்கியது. நாவலோ கவிதைத் தொகுதியோ எழுதியதற்காக அல்ல. எமது மேடைகளில் இப்படியான ஒருவருக்கு ஆசனம் கிடைத்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

3

எண்ணிக்கை வேறு, சமூகம் வேறு என்பதைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் பட்டே அறிந்திருக்கிறார்கள். 2009 அளவில் கூகுள் நிறுவனம், ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைச் சம்பளத்துக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு இந்திய மொழிகளில் ஏற்றத் தொடங்கியது. தமிழிலும் நீண்ட நீண்ட கட்டுரைகள் வந்து குவிந்தன. ஆங்கில வாசகர் அதிகம் தேடிய விடயங்களே அவற்றில் பெரும்பாலும் தலைப்புகள். அமெரிக்கப் பாடகர்களும் ஹொலிவூட் நட்சத்திரங்களும் தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் பக்கம் பக்கமாய்ப் பரந்தனர். வசனங்கள் இயந்திரத்தில் அரைத்தவை போல் இருந்தன. பிழையைச் சுட்டி உரையாடல் பக்கத்தில் எழுதினால் பதில் சொல்ல ஆள் இல்லை. கட்டுரையை ஏற்றியவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார். அவருக்கு அது அன்றைய கூலி.

வங்காள விக்கிப்பீடியர்கள் இதை மறுத்து நின்றனர். தமிழ் விக்கிப்பீடியர்கள் நிறுவனத்துடன் பேசினர். தலைப்புத் தெரிவுக்கும் தரத்துக்கும் நிபந்தனைகளைக் கேட்டனர். 2010 இல் போலந்தில் நடந்த உலக விக்கி மாநாட்டில் இத்திட்டம் பற்றிய தமது விமர்சனத்தையும் முன்வைத்தனர். எனது பார்வையில் இது தமிழ் விமர்சன வரலாற்றில் குறிக்கத்தக்க ஒரு சம்பவம். உலகின் மிகப் பெரிய நிறுவனமொன்று இலவசமாகக் கொண்டுவந்து கொட்டியதை, 'நன்றி, ஆனால் இது எமது மொழி அல்ல' என்று சொல்வதற்கு ஒரு சிறு குழுவுக்குத் துணிவு இருந்தது. அந்தத் துணிவு எண்ணிக்கையிலிருந்து வரவில்லை. வருடக்கணக்காக ஒருவரோடொருவர் சண்டையிட்டுச் சமாதானமாகி வேலை செய்த பழக்கத்திலிருந்து வந்தது.

ஆங்கில விக்கிப்பீடியாவின் கதை இதன் மறுபக்கம். அங்கு தொடர்ந்து எழுதுவோரின் தொகை 2007 வரை ஏறிப் பின்னர் இறங்கத் தொடங்கியது. ஏன் என்று ஆராய்ந்த ஆரன் ஹால்ஃபேக்கரும் அவரது சகாக்களும் 2013 இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு எம்மவருக்கும் பொருந்தும். நாசகாரிகளைத் தடுப்பதற்கென்று உருவாக்கிய கருவிகளும் விதிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்தே விரட்டின. முதல் முயற்சி உடனே அழிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. 'புதியவர்களைக் கடிக்காதீர்கள்' என்ற அறிவுரை விக்கிப்பீடியாவில் ஆரம்ப காலம் முதலே இருக்கிறது. அறிவுரை இருந்தும் கடி நிற்கவில்லை.

4

இதை நான் வெளியில் நின்று எழுதவில்லை. அந்த வெளியீட்டு விழாவுக்கு மறு வருடம், இலங்கை முஸ்லிம் எழுத்தாளர்களைப் பற்றிய கட்டுரைகளை விக்கிப்பீடியாவில் எழுதுவதற்கென்று நண்பர்களைத் திரட்டினேன். ஊர் நூலகத்தில் கூடினோம். வட்ஸ்அப் குழுவொன்றும் தொடங்கினோம். முதல் வாரத்தில் குழு நிரம்பி வழிந்தது. மூன்று மாதத்தில் காலை வணக்கமும் ஜனாஸா அறிவித்தலும் தவிர அங்கு எதுவும் இல்லை.

தோல்விக்குக் காரணம் கேட்டவர்களுக்கு நான் முதலில் சொன்ன பதில் எழுத்துருச் சிக்கல். அது பொய்யல்ல. எம்மில் மூத்தவர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள். எமது சஞ்சிகைகளும் நூல்களும் பல்லாண்டு பாமினியிலேயே கோக்கப்பட்டன. ஒருங்குறிக்கு மாற்றாவிட்டால் அவை இணையத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஆனால், மாற்றும் கருவிகள் எப்போதோ இலவசமாக வந்துவிட்டன. உண்மைக் காரணங்கள் வேறு.

முதலாவது, பெயர். விக்கிப்பீடியாக் கட்டுரையின் தலைமாட்டில் எழுதியவரின் பெயரோ படமோ வராது. இதை விளக்கியதும் பலருக்கு ஆர்வம் வடிந்தது. எஞ்சியவர்களிடையே ஒரு வினோத ஒப்பந்தம் உருவாகிற்று: நீ என்னைப் பற்றி எழுது, நான் உன்னைப் பற்றி எழுதுகிறேன். வந்த வரைவுகளில் பாதி வரவேற்புரைகள். பிறந்த ஊருக்கு முன்னால் பட்டங்கள். நூற்பெயருக்கு முன்னால் பொன்னாடைகள். பிரசுரமான ஆண்டு மட்டும் இல்லை.

எனது கட்டுரையும் அந்த வகைதான். எனக்கு இலக்கியம் கற்பித்த ஆசிரியரைப் பற்றி நெஞ்சுருக எழுதியிருந்தேன். மறுநாள் அதன் மேல் 'சான்று தேவை' என்ற குறிப்பு நின்றது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு, இதே கட்டுரையை வேறொருவர் எழுதி மதிப்புரைக்கு என்னிடம் தந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன் என்பது உறைத்தது. ஹதீஸ் ஒன்றைக் கேட்டால் அறிவிப்பாளர் தொடரை விசாரிக்கும் மரபில் வந்தவர்கள் நாம். இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்ற சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமானாலும் அதைச் சொல்லிவிட்டே மேலே போகும் ஒழுக்கம் எமது உலமாக்களுடையது. அப்படிப்பட்ட சமூகத்துக்கு, 'இதை எங்கிருந்து எடுத்தீர்கள்' என்ற கேள்வி எப்படி அவமானமாகப் படத் தொடங்கியது?

இரண்டாவது காரணத்தைச் சொல்வது எனக்குக் கஷ்டம். குழுவில் க.பொ.த. உயர்தரம் படிக்கும் மாணவன் ஒருவன் இருந்தான். தன் ஊரின் பழைய மீன்பிடித்துறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் குழுவில் போட்டான். ஒற்றுப்பிழை, ளகர லகரப் பிழை எல்லாம் இருந்தன. நான் இரவிரவாக உட்கார்ந்து அதை முழுவதுமாகத் திருத்தி, அவன் வரி ஒன்றுகூட மிஞ்சாதபடி எழுதி, விடிவதற்குள் எல்லோரும் பார்க்கக் குழுவில் இட்டேன். அவனுக்கு உதவி செய்துவிட்டதாகவே எண்ணினேன். சுபஹுக்குப் பின் தொலைபேசியைப் பார்த்தபோது அவன் குழுவிலிருந்து வெளியேறியதாக ஒரு வரி நின்றது. அவனுக்கு நான் கோல் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

அதே குழுவில் எஞ்சிய ஒரேயொருவர், ஒரு கல்லூரி மாணவி. அவள் எழுத்தாளர் எவரையும் பற்றி எழுதவில்லை. வட்டிலப்பத்தைப் பற்றி எழுதினாள். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலக்காய் என்று நாலைந்து வரி. சில நாட்களில் உரையாடல் பக்கத்தில் தமிழகத்திலிருந்து யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: இதை ஆவியில் வேகவைப்பதா, அடுப்பில் கிண்டுவதா? அவள் உம்மும்மாவிடம் போய்க் கேட்டு, மாவிறக்கும் பதமும் மூடியில் துணி கட்டுவதும்வரை எழுதினாள். அடுத்து, பனங்கருப்பட்டியிலும் செய்யலாமா என்றொரு கேள்வி. அவள் இன்றும் அங்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை நான் காரணம் கேட்டேன். "சேர், அங்க ஒராள் எனக்கிட்டக் கேள்வி கேட்டாரு" என்றாள்.

அவள் சொன்னதற்கு மேல் இணையச் சமூகம் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியவில்லை. எங்கள் குழுவில் அவளது வட்டிலப்பத்துக்கும் நாற்பது பேர் 'சூப்பர்' போட்டிருந்தார்கள். அவளைத் தடுத்து நிறுத்தியது அந்த நாற்பது அல்ல. தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் அறிய விரும்புகிறார், பதில் தன்னிடம்தான் இருக்கிறது என்ற உணர்வு. பாராட்டு ஒரு பேச்சை முடித்து வைக்கிறது. கேள்வி அடுத்த நாளுக்கு வேலை தருகிறது. எமது இலக்கிய வட்டத்தில் பாராட்டுக்குப் பஞ்சமில்லை. கேள்விக்குத்தான் பஞ்சம். கேள்வி கேட்டால் பகை என்றொரு பயம் எம்மைப் பீடித்திருக்கிறது.

5

இனி, எழுத்துப் பிரச்சினைக்கு வருவோம். 'இசுலாம்' என்ற வடிவம் எனக்கும் உவப்பானதல்ல. ஆனால், உவப்பின்மை ஒரு வாதம் ஆகாது.

கிரந்தம் தவிர்ப்போரின் கட்சி வலிமையற்றதல்ல. வடசொல் தமிழுக்குள் வரும்போது வடவெழுத்தைக் களைந்துவிட்டு வர வேண்டும் என்று விதித்தவர் தொல்காப்பியர். லக்ஷ்மணனை இலக்குவனாக்கியும் விபீஷணனை வீடணனாக்கியும் கம்பர் எழுதியதை யாரும் அவமதிப்பு என்று சொன்னதில்லை. எமது உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் அரபுப் பெயர்களைத் தமிழ் யாப்புக்குள் உருக்கி வார்த்தவரே. அதைக் கண்டித்து எந்த மண்டபத்திலும் நாம் கைதட்டவில்லை.

அதேவேளை எமது மரபில் இன்னொரு கிளை இருக்கிறது. அரபுத்தமிழ் என்ற எழுத்துமுறையைக் கண்டவர்கள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் வாழ்ந்த எமது முன்னோர். அரபு லிபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளிட்டுப் புதிய வடிவங்களைச் செய்தார்கள். தமிழ் ஒலியும் சிதையக் கூடாது, அரபு ஒலியும் சிதையக் கூடாது என்ற இரட்டைக் கரிசனை அதில் இருந்தது. ஒலியைக் காப்பதற்காக எழுத்தையே கூட்டிக்கொண்ட இந்த அனுபவம், எழுத்தைக் காப்பதற்காக ஒலியை விட்டுக்கொடுக்கலாம் என்ற நிலைப்பாட்டுக்கு நேரெதிரான ஒரு தமிழ் அனுபவம். 'தமிழ் மரபு' என்று பேசப்படுகையில் இதுவும் அந்த மரபின் ஒரு பகுதி என்று எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒருவரின் பெயர் அவரது உரிமை. அது பொதுச்சொல்லைப் போன்றதல்ல என்ற வாதத்தையும் சான்றுகளுடன் வைத்திருக்கலாம்.

இதைச் சொல்லத் தகுந்தவர்கள் எம்மிடையே இல்லாமலில்லை. எம்.எம். உவைஸும் பீ.மு. அஜ்மல்கானும் பல தொகுதிகளாக எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு எமது அலுமாரிகளில் இருக்கிறது. அலுமாரியில் இருப்பது ஆலமரத்தடிக்குப் போகவில்லை. பேச்சு நடந்த இடத்தில் நாம் இல்லாமல் இருந்துவிட்டு, முடிவு வந்த பிறகு வேறொரு மண்டபத்தில் கூடிக் கண்டித்தோம். வேலை செய்தவர்கள் தமக்குச் சரியெனப் பட்டதைச் செய்தார்கள். இதில் அவர்களைக் குறைகூற எமக்கு இருக்கும் உரிமை மிகக் கொஞ்சம்.

அங்கே போனால் வெல்வோம் என்று நான் சொல்ல வரவில்லை. தோற்கவும் கூடும். ஆனால், அங்கு தோற்றவரின் வாதமும் திகதியோடு பதிவாகி நிற்கும். பத்து வருடம் கழித்து வரும் ஒருவர் அதை எடுத்து மீண்டும் பேசலாம். மண்டபத்தில் தட்டிய கைக்கு அப்படியொரு பதிவு கிடையாது.

6

இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் கையில் எடுத்துவந்தது உடுதுணியும் சிறுதொகைப் பணமுமே. வீட்டில் இருந்த நூல்கள், கையெழுத்துப் பிரதிகள், திருமணப் பாடல் எழுதிய கொப்பிகள், புகைப்படங்கள் வீட்டோடு போயின. அதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. இவற்றை அறிந்த தலைமுறையினர் சிலர் 2005 இல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். இன்று எமது பழைய சஞ்சிகைகள் பலவற்றை எனது மேசையில் இருந்தபடியே அங்கு வாசிக்கிறேன். அவற்றைப் பக்கம் பக்கமாக வருடியில் வைத்து எடுத்த கைகள் யாருடையவை என்று நாம் விசாரித்ததில்லை. வாசகராகப் போகிறோம், எடுத்துக்கொள்கிறோம், திரும்புகிறோம். தொண்ணூறு பேரில் ஒருவர்.

எல்லோரும் எழுத வேண்டும் என்பதில்லை. தன் வீட்டு அலுமாரியில் இருக்கும் ஒரு பழைய மலரை வருடுவதற்குக் கொடுப்பவரும் அந்தச் சமூகத்தின் ஆள். 'இந்த ஆண்டு பிழை, சரியான ஆண்டு இது, சான்று இந்த நூலின் இத்தனையாம் பக்கம்' என்று ஒரு வரி எழுதுபவரும் ஆள்தான். புதிதாக வந்த ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்பவர் எல்லோரிலும் முக்கியமான ஆள். அந்த மாணவனின் பக்கத்தைத் திருத்திய இரவில் நான் அவனிடம், 'மகன், அந்தத் துறையில எத்தன தோணி நின்ட?' என்று மட்டும் கேட்டிருக்கலாம்.

இக்கட்டுரையில் நான் சொன்னவற்றில் பிழைகள் இருக்கலாம். மறுப்பதற்கு நியாயங்களும் இருக்கலாம். வாசகர்கள் எழுத வேண்டும். 'அருமையான கட்டுரை' என்று எழுத நினைப்பவர்கள், தயவுசெய்து அந்தத் தபால் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.